சாகாத கப்பலில் என் தம்பி

காசலி, மார்ச் 6, 2018

தங்கை குல்பாஷுக்கு அண்ணன் ஒராஸ்கெல்தி எழுதுவது. ஆட்கள் சுகமா, அடுப்பு அணையாமல் எரிகிறதா? உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே ஆடுகள் குட்டி போடத் தொடங்கிவிட்டன. எனக்கு இருமலைத் தவிர வேறு குறை இல்லை. அம்மா சுகம்.

உன் ஸ்டூடியோக்காரர்கள் அனுப்பிய காகிதம் வந்தது. படித்துவிட்டு எழுந்துபோய்க் கை கழுவினேன். நம் செய்ல்கான் ஜனவரியில் செத்தான். மண்ணில் இறக்கியவர்களில் நானும் ஒருவன். நாற்பதாம் நாள் சாப்பாடு முடிந்து இரண்டு வாரம் கூட ஆகவில்லை. அதற்குள், "உங்கள் தம்பியின் முகத்தையும் குரலையும் கணினியில் உருவாக்கி, மறுவிழிப்பு தொலைக்காட்சித் தொடரில் விண்கப்பல் தலைவராக அவரைத் தொடர்ந்து வாழவைக்க விரும்புகிறோம், குடும்பத்தின் மூத்தவர் என்ற முறையில் கையெழுத்திடுங்கள்" என்று கேட்கிறார்கள். வாழவைக்கிறார்களாம்!

நான் ஏழாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனால் தண்டவாளம் பார்த்த முப்பது வருஷத்தில் ரயில்வே நூலகத்திலிருந்த விண்வெளிப் புத்தகம் ஒன்றையும் விட்டதில்லை. பக்கத்து ஏவுதளத்தில் ராக்கெட் கிளம்பும்போதெல்லாம் என் வீட்டு ஜன்னல் அதிர்ந்திருக்கிறது. வானத்துக்குப் போவதை எதிர்க்கிறவன் அல்ல நான். அந்தத் தொடரில் நடக்கிற அசிங்கத்தைத்தான் சொல்கிறேன். ஒருவன் சாகிறான். பொத்தானை அமுக்குகிறார்கள். அவனைப்போலவே இன்னொருவன் அலமாரியிலிருந்து எழுந்து வந்து சூப் கேட்கிறான். கண்ணை மூடிவிட ஆள் இல்லை, குளிப்பாட்ட ஆள் இல்லை, அழ ஒரு பெண் இல்லை. அதில் என் தம்பி தலைவன். உயிரோடு இருந்தபோதே அவனிடம் சொன்னேன், "இதுல போய் நடிக்கிறியேடா, வேற வேஷமே கெடைக்கலயா?" என்று. சிரித்தான்.

கையெழுத்து கிடையாது. அவர்களிடம் சொல்லிவிடு. அவனை நம் அப்பாவின் பக்கத்தில் புதைக்கவிடாமல் அல்மாட்டியிலேயே புதைத்தாள் அவன் மனைவி. அந்தக் கணக்கு எனக்கும் நெசிப்கூலுக்கும் தனியாக இருக்கிறது.

தொலைபேசியில் கூப்பிடாதே. அது அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. எழுது. இந்தக் கடிதமும் காய்ந்த தயிர் உருண்டைப் பையும் ரயிலில் பெட்டி பார்த்துக்கொள்ளும் ரௌஷன் கையில் வருகின்றன. பதிலையும் அவளிடமே கொடு.

உன் நலம் கோரும் அண்ணன்,
ஒராஸ்கெல்தி


அல்மாட்டி, மார்ச் 19, 2018

மரியாதைக்குரிய அண்ணனுக்குக் குல்பாஷின் வணக்கம். தயிர் உருண்டை வந்து சேர்ந்தது. முழங்கால் பரவாயில்லை, மாடிப்படிதான் ஏறமுடியவில்லை. இருமலுக்கு மருந்து அனுப்பியிருக்கிறேன். ஆட்டுக்குக் கொடுக்காமல் நீங்கள் குடியுங்கள்.

உங்கள் பதிலைச் சொல்லிவிட்டேன். தயாரிப்பாளர் முகம் சுளித்தார். "சட்டப்படி மனைவி கையெழுத்துப் போதும், மரியாதைக்குத்தான் அண்ணனையும் கேட்டோம்" என்றார். அண்ணி நெசிப்கூல் இன்னும் முடிவெடுக்கவில்லை. அவள் நிலைமை உங்களுக்குப் புரியாது. வாரத்தில் நான்கு நாள் என்னோடு தையலறையில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். அங்கேதான் தலைவரின் நீலச் சட்டைகள் தொங்குகின்றன. அவற்றையே பார்த்துக்கொண்டிருப்பாள். "எடுத்துட்டுப் போறியா அண்ணி?" என்று கேட்டேன். "வேணாம். இங்கயே இருந்தா வேலைக்கு வருவாருன்னு தோணுது" என்றாள்.

அண்ணா, ஒன்று கேட்கிறேன். அம்மாவிடம் சொல்லியாகிவிட்டதா? அடக்கத்துக்குக் கிளம்பும்போது கண் வைத்தியத்துக்குப் போவதாக அவளிடம் சொல்லிவிட்டு வந்தீர்கள். நாற்பதாம் நாள் முடிந்ததும் அக்பான் மாமாவையும் ஊர்ப் பெரியவர்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு போய் முறைப்படி சொல்வதாக எங்கள் எல்லோர் முன்னாலும் சொன்னீர்கள். உங்கள் கடிதத்தில் "அம்மா சுகம்" என்று மட்டும்தான் இருக்கிறது. பிள்ளை செத்தது தெரிந்த தாயைப்பற்றி அப்படி எழுதமாட்டீர்கள்.

பதிலுக்குக் காத்திருக்கும் தங்கை,
குல்பாஷ்


காசலி, ஏப்ரல் 2, 2018

தங்கை குல்பாஷுக்கு. வீடும் வாசலும் நலமா? மருந்து வந்தது. குடித்தேன். ஆட்டுக்கே கொடுத்திருக்கலாம்.

போன வியாழக்கிழமை உங்கள் தொடரின் பழைய பகுதி ஒன்றை மறுபடி போட்டார்கள். முழுவதும் பார்த்தேன். திட்டுகிறவன் பார்த்துவிட்டுத் திட்டவேண்டும் அல்லவா? அந்தக் கப்பலின் சமையல்காரன் இயந்திரத்துக்குள் விழுந்து சாகிறான். மூன்று நிமிஷத்தில் அவனுடைய நகல் வந்துவிடுகிறது. வந்தவன் என்ன செய்கிறான்? பிணத்தின் காலிலிருந்து பூட்ஸைக் கழற்றித் தன் காலில் போட்டுக்கொள்கிறான். தன் பிணத்தைத் தானே குனிந்து பார்த்து, "நான் இவ்ளோ குண்டாவா இருந்தேன்?" என்கிறான். எல்லோரும் சிரிக்கிறார்கள். பிறகு பிணத்தைக் குழாயில் தள்ளித் தோட்டத்துக்கு எருவாக்குகிறார்கள். அடுத்த காட்சியில் அந்தத் தோட்டத்து வெள்ளரிக்காயை நம் செய்ல்கான் நறுக்கென்று கடித்துத் தின்கிறான். வாயில் இருந்த தேநீரை வெளியே போய்த் துப்பினேன்.

இதை எழுதுகிறவர்களைக் கேட்டுச் சொல். பிணத்தை எப்போதாவது தொட்டிருக்கிறார்களா? நான் செய்ல்கானைக் கழுவியவன். அவன் தோள் என் கையில் எவ்வளவு கனத்தது என்று எனக்குத் தெரியும். அந்தக் கனத்தை ஒரு சிரிப்பில் ஊதித்தள்ளுகிறார்கள்.

இன்னொன்றும் கவனித்தேன். தலைவனின் மனைவி பள்ளத்தில் தொங்குகிறாள். கை கொடுத்தால் ஏறிவிடுவாள். "விடு, சாப்பாட்டு நேரத்துக்குள்ள புதுசா வந்துடுவே" என்று சொல்லிவிட்டுப் போகிறான் அவன். சாவு இல்லாத இடத்தில் கைகொடுப்பதும் இல்லை. இதை யோசிக்கப் பெரிய படிப்பு வேண்டுமா? அந்த வசனத்தை என் தம்பி வாயில் வைத்திருக்கிறார்கள்.

நெசிப்கூல் சட்டையைப் பார்த்துக்கொண்டு உட்காரவேண்டாம். கல்லறைக்குப் போகச் சொல். அவள் விரும்பிய இடத்தில்தானே இருக்கிறது.

அம்மா சுகம். ஒட்டகப் பால் குடிக்கிறாள்.

அண்ணன் ஒராஸ்கெல்தி


அல்மாட்டி, ஏப்ரல் 15, 2018

அண்ணனுக்கு வணக்கம். நான் நலம்.

நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. நீங்கள் வெள்ளரிக்காயைப்பற்றி எழுதியிருக்கிறீர்கள்.

அக்பான் மாமாவின் மகள் இங்கே வந்திருந்தாள். துக்கம் கேட்க வருகிறவர்களை நீங்கள் வாசலிலேயே நிறுத்தி மிரட்டுவதாகச் சொன்னாள். அவள் அப்பாவையும் மூன்று முறை வரச்சொல்லி மூன்று முறையும் திருப்பி அனுப்பினீர்களாம். உண்மையா?

குல்பாஷ்


காசலி, மே 20, 2018

தங்கை குல்பாஷுக்கு. உடம்பும் வேலையும் சீராக இருக்கின்றனவா? இங்கே ஒட்டகம் கன்று போட்டது. ஆட்டு ரோமம் கத்தரிக்க ஆள் கிடைக்காமல் நானே கத்தரித்தேன். பதில் தாமதமானதற்கு அதுதான் காரணம். வேறு காரணம் தேடாதே.

உண்மைதான். சொல்லவில்லை. மிரட்டுகிறேன் என்பது பொய். ஒழுங்குபடுத்துகிறேன். துக்க முகத்தோடு வருகிறவனிடம், "மூஞ்சிய மாத்து, இல்லன்னா திரும்பிப் போ" என்கிறேன். மாற்றிக்கொண்டால் உள்ளே வந்து தேநீர் குடிக்கலாம். தீவன விலை பேசலாம், மழை பேசலாம். போன மாதம் செய்ல்கானோடு படித்தவன் ஒருவன் வந்தான். தேநீர்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு அவன் அழ, "கண்ணுல என்னடா?" என்று அம்மா கேட்க, வெங்காய வியாபாரம் செய்கிறான் என்றேன். "வியாபாரத்துக்கே இப்பிடி அழறானே, நஷ்டமா?" என்றாள்.

நீ சுலபமாகக் கேட்கிறாய். தொண்ணூற்றொரு வயது. நெஞ்சு பலவீனம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். சாவைச் சொல்வதற்கு நம்மிடம் ஒரு முறை இருக்கிறது. தந்தி அடிப்பதுபோல் அடித்துவிட்டுப் போவதல்ல. நேரம் பார்த்து, வெயில் பார்த்து, பேசத் தெரிந்த பெரியவர்கள் உட்கார்ந்து, பறவையில் ஆரம்பித்து, ஏரியில் ஆரம்பித்து, கேட்கிறவள் மனசு தானாகவே அங்கே போய்ச் சேரும்படி சொல்லவேண்டும். மார்ச்சில் பனி. ஏப்ரலில் அவளுக்குச் சளி. மாமாவை வரச்சொன்ன மூன்று நாளும் அவள் முகம் சரியில்லை. இப்போது நோன்பு நடக்கிறது. பெருநாள் முடியட்டும்.

அவள் வியாழக்கிழமைதோறும் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு உட்காருகிறாள். செய்ல்கான் வருகிறான். கதை அவளுக்குப் புரிவதில்லை. கதை அவளுக்கு வேண்டியதும் இல்லை. "எளச்சிருக்கான்" என்பாள். "அந்த ஆகாசத்துல குளிருமோ என்னவோ, சட்ட மெல்லிசா இருக்கு. குல்பாஷ்தான தைக்கிறா, துணிய மிச்சம் புடிக்கிறா" என்பாள். "வேல ஜாஸ்தியா? பெருநாளுக்காவது வருவானா?" என்று கேட்பாள். "வருவான்" என்கிறேன்.

அந்தப் பெட்டியை நான் அணைப்பதில்லை. அருவருப்போடுதான் பார்க்கிறேன், ஆனால் அணைப்பதில்லை. இதை வைத்து எனக்குப் பாடம் எடுக்காதே. வீட்டில் இருந்து பார்க்கிறவன் நான்.

அண்ணன்


அல்மாட்டி, ஜூன் 30, 2018

அண்ணனுக்கு வணக்கம். பெருநாள் நல்லபடியாகக் கழிந்ததா? அம்மாவுக்கு நான் அனுப்பிய தலைத்துணி பிடித்திருந்ததா? இங்கே வெயில் கடுமை. கண் எரிகிறது. ஊசியில் நூல் கோக்கப் பக்கத்துப் பெண்ணைக் கூப்பிடவேண்டியிருக்கிறது.

பெருநாளும் முடிந்துவிட்டது.

ஜூலையில் எனக்குப் பத்து நாள் விடுப்பு இருக்கிறது. நான் வருகிறேன். பறவையும் வேண்டாம், ஏரியும் வேண்டாம். அவள் மடியில் தலைவைத்துச் சொல்லிவிடுகிறேன். அதன்பிறகு இருவரும் சேர்ந்து அழுவோம். அண்ணா, நான் இன்னும் செய்ல்கான் அண்ணனுக்காக ஒப்பாரி சொல்லி அழவில்லை. அடக்கத்தன்றும் அழவில்லை. அம்மாவின் குரல் முன்னால் போகாமல் என் குரல் எப்படிப் போகும்?

வேலை நிறைய. பழைய பகுதிகள் ஆகஸ்டோடு முடிகின்றன, புதியவை படமாகின்றன. தலைவரின் சட்டைகளைத் தோளில் இரண்டு விரல் அளவு குறைத்துப் பிடிக்கச் சொன்னார்கள். பிடித்துக் கொடுத்தேன்.

குல்பாஷ்


காசலி, ஜூலை 11, 2018

குல்பாஷுக்கு. நலமாக இரு.

யாருக்காகத் தோளைப் பிடித்தாய்? செய்ல்கானின் தோள் அவனோடு மண்ணுக்குள் போய்விட்டது. அந்தச் சட்டைக்குள் யார் நுழைகிறான்? யார் கையெழுத்துப் போட்டது? என்னை முட்டாள் என்று நினைத்தா சட்டைச் செய்தியைக் கடிதத்தின் அடியில் ஒளித்து வைத்தாய்?

நீ வரவேண்டாம். உன் முகம் என்றைக்கும் எதையும் மறைத்ததில்லை. ரயிலிலிருந்து இறங்கி வாசலுக்கு வருவதற்குள் உன் அழுகை வந்துவிடும். அம்மா அந்தப் படியிலேயே விழுவாள். சாவு சொல்வது மூத்தவன் வேலை. அதை நான் செய்வேன். எப்போது செய்வேன் என்பதை அல்மாட்டியிலிருந்து யாரும் சொல்லவேண்டாம்.

செத்தவன் முகத்தைக் கழற்றி இன்னொருவனுக்கு மாட்டிவிடுகிறவர்கள் சோற்றுக்கு முன் கை கழுவுவார்களா? நீ அங்கே எப்படி உட்கார்ந்து தைக்கிறாய்? ஆட்டை உரிப்பதற்குக்கூட ஒரு பிரார்த்தனை சொல்கிறோம்.

தலைத்துணி அம்மாவுக்குப் பிடித்தது. பூ பெரிதாக இருக்கிறதாம்.

ஒராஸ்கெல்தி


அல்மாட்டி, செப்டம்பர் 2, 2018

அண்ணனுக்கு. நலம், நலமே வேண்டுகிறேன்.

நீங்கள் வராதே என்றதால் வரவில்லை. கோபத்தில் இரண்டு மாதம் எழுதவும் இல்லை. இப்போது எழுதுவதும் வேறு வழி இல்லாததால்தான்.

அண்ணி ஏப்ரலிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டாள். அவளைத் திட்டுவதானால் என்னையும் சேர்த்துத் திட்டுங்கள். நான் பக்கத்தில்தான் இருந்தேன், தடுக்கவில்லை. இளைஞன் ஒருவன் சட்டையைப் போட்டுக்கொண்டு நடிக்கிறான். அவன் முகத்தின்மேல் கணினி செய்ல்கான் அண்ணன் முகத்தை ஒட்டுகிறது. குரலும் அப்படியே. ஒரு காட்சியைப் போட்டுக் காட்டினார்கள். அண்ணி வெளியே போய் வாந்தி எடுத்தாள். வாயைக் கழுவிவிட்டு வந்து, "இன்னொரு தடவ போடுங்க" என்றாள்.

செப்டம்பர் 13 வியாழக்கிழமை முதல் பகுதி வருகிறது. அம்மா அதைப் பார்ப்பாள். அண்ணா, உங்கள் காலைப் பிடிக்கிறேன். அந்த வியாழக்கிழமைக்கு முன் சொல்லிவிடுங்கள். அவள் அதைப் பார்த்து, பிள்ளை பேசுகிறான் என்று சந்தோஷப்பட்டால், அந்தச் சந்தோஷத்தை நம்மால் பிறகு எப்படித் திரும்ப வாங்கமுடியும்?

குல்பாஷ்


காசலி, செப்டம்பர் 16, 2018

தங்கை குல்பாஷுக்கு அண்ணன் எழுதுவது. ஆட்கள் சுகமா என்று இந்தத் தடவை கேட்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், உட்கார்ந்து படி.

உன் கடிதம் வந்ததும் மின்கம்பியைப் பிடுங்கிவிடலாம் என்று நினைத்தேன். ஒரு வியாழனுக்குப் பிடுங்கலாம், எல்லா வியாழனுக்கும் என்ன செய்வது? மாமாவைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. வியாழன் மாலை ஆட்டைப் பட்டியில் அடைத்துவிட்டு வந்தபோது அம்மா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள், உன் பூப்போட்ட துணியோடு.

அது வந்தது. குல்பாஷ், நான் நிறையப் பிணம் பார்த்தவன். தண்டவாளத்தில் பொறுக்கி எடுத்திருக்கிறேன். அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. அவன் கண்ணே, அவன் மீசையே, அவன் சிரிப்பே. "சாவு என்பது மனிதர்கள் விட்டுவிட்ட ஒரு பழைய பழக்கம்" என்று அவன் குரலில் சொன்னது. அம்மா சிரித்த முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அவர்கள் சாப்பாட்டு மேசையில் உட்காருகிறார்கள். அது கிண்ணத்தை எடுத்துக் குடிக்கிறது. அம்மாவின் சிரிப்பு நின்றது.

"இது யாரு?" என்றாள்.

"செய்ல்கான்தாம்மா" என்றேன்.

"கையப் பாருடா. நிறுத்தாம எடுக்குது."

உனக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை, நீ சின்னவள். செய்ல்கானுக்குப் பிறவியிலேயே இடது கைப் பழக்கம். இடது கையால் சாப்பிடலாமா என்று அம்மா அந்தக் கையில் அடிப்பாள், துணியால் கட்டிப்போடுவாள். பழக்கம் மாறியது, ஆனால் கடைசிவரை கிண்ணத்தைக் கண்டால் இடது கை ஒரு கணம் கிளம்பி நின்று, அதன்பிறகுதான் வலது கை போகும். நான் அவனோடு வளர்ந்தும் இதைக் கவனித்ததில்லை. அவள் பெட்டிக்குள் ஒவ்வொரு வியாழனும் அதைத்தான் பார்த்திருக்கிறாள்.

"நான் அடிச்ச அடி அந்தக் கையில இல்ல" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "எங்கப்பா செத்தப்போ எங்கம்மா அவரு கோட்டையும் தொப்பியையும் சேணத்துமேல மாட்டி வீட்டுக்குள்ள நிறுத்தி வச்சா. ஒரு வருஷம் அதுக்கு முன்னால உக்காந்து அழுதோம். ஆளு மாதிரியே நிக்கும். அப்ப எனக்கு எட்டு வயசு. செத்தவன் உடுப்புல நிக்கிறது எதுன்னு எனக்குத் தெரியாதா? உசுரோட இருக்கிறவனுக்கு யாருடா பொம்ம செய்வா?"

எழுந்துபோய்ப் பெட்டியின் சத்தத்தைக் குறைத்தேன்.

"எப்போ?"

"ஜனவரியில."

"நீ கண்ணு வைத்தியம்னு போனியே, அப்பவா?"

"ஆமாம்மா."

"இப்போ கண்ணு நல்லாத் தெரியுதா?"

பெட்டியில் அது பேசிக்கொண்டே இருந்தது. அம்மா அழவில்லை. "நாளைக்கு அக்பானையும் பெரியவங்களையும் கூட்டிட்டு வா. வந்து முறையாச் சொல்லு" என்றாள்.

"அதான் தெரிஞ்சுபோச்சேம்மா, இனிமே எதுக்கு?"

"பொட்டி சொல்லிச்சு. நீ சொல்லல."

வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு மூன்று பேரையும் கூட்டிவந்தேன். வரிசையாக உட்கார்ந்தார்கள். அக்பான் மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, "கையிலருந்து ஒரு பருந்து பறந்து போச்சு, சிறகு முறிஞ்ச பருந்து..." என்று தொடங்கினார்.

"உம் பருந்த அப்புறமாப் பறக்க விடு" என்றாள் அம்மா. "இவன் சொல்லட்டும்."

மூத்தவன் வேலை என்று உனக்கு எழுதியவன் நான். எவ்வளவோ யோசித்து வைத்திருந்தேன், ஏரி வற்றியது என்று, மரம் சாய்ந்தது என்று. ஒன்றும் வரவில்லை. "அம்மா, செய்ல்கான் செத்துட்டான்" என்றேன். அவ்வளவுதான் வந்தது. இப்படிச் சொல்வது முறையே இல்லை. மாமா தலையில் கை வைத்துக்கொண்டார்.

அம்மா சுவர்ப்பக்கம் திரும்பி, இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றி ஒப்பாரி எடுத்தாள். தொண்ணூற்றொரு வயதுக் குரலா அது! தெருவில் இருந்த பெண்களெல்லாம் வந்துவிட்டார்கள். அவள் நெஞ்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. மருத்துவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஒன்று மட்டும் தெரிந்துகொள். நான் சொல்லவேண்டியதை அந்தக் கேடுகெட்ட பெட்டி எனக்கு முன்னால் சொல்லிவிட்டது. அதை நான் மன்னிக்கப்போவதில்லை. அம்மா என்னோடு பேசுவதில்லை. தேநீரை அடுத்த வீட்டுப் பெண் கையால் வாங்கிக் குடிக்கிறாள். நீ வா. முகத்தை மாற்றிக்கொண்டு வரவேண்டிய அவசியம் இல்லை.

உன் அண்ணன்,
ஒராஸ்கெல்தி


அல்மாட்டி, செப்டம்பர் 19, 2018

அண்ணனுக்கு. இதை ரௌஷன் உங்களிடம் கொடுத்த மறுநாள் நான் வந்துவிடுவேன். அண்ணியும் வருகிறாள். அவளை வாசலில் நிறுத்தாதீர்கள். அவள் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து அழட்டும். கல்லறைச் சண்டையை நாங்கள் திரும்பிய பிறகு கடிதத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டூடியோவில் விடுப்புக் கேட்டேன். "முதல் பகுதி பார்த்தீங்களா, உங்க வீட்ல எல்லாருக்கும் புடிச்சிருந்துதா?" என்று கேட்டார்கள். அம்மா கண்டுபிடித்துவிட்டாள் என்றேன். எந்த இடத்தில் பிழை, சொன்னால் அடுத்த பகுதியில் திருத்திவிடுகிறோம் என்றார்கள். சொல்லவில்லை.

குல்பாஷ்


காசலி, நவம்பர் 4, 2018

தங்கை குல்பாஷுக்கு. நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்து ஒரு மாதம் ஆகிவிட்டது, முழங்கால் சொன்னபடி கேட்கிறதா? நெசிப்கூல் எப்படி இருக்கிறாள்? கல்லறையைப்பற்றி அவளுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். என் கருத்து மாறவில்லை. வருஷ நினைவுச் சாப்பாட்டுக்கு அறுக்க இங்கிருந்து குதிரையைக் கொண்டுவருவேன் என்றும் எழுதியிருக்கிறேன்.

நீங்கள் மூவரும் அழுத அந்த ஐந்து நாளுக்குப் பிறகு வீடு காலியாக இருக்கிறது. அம்மா என்னோடு பேசுகிறாள், பாதி பேச்சு. "அடுப்பப் பாரு", "கதவச் சாத்து", இவ்வளவுதான். மீதிப் பேச்சை எப்போது தருவாள் என்று தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.

மூன்று நாளைக்கு முன் வியாழக்கிழமை. அந்த நேரத்துக்கு அவள் மறுபடியும் பெட்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். நகலைப் பார்த்தே பழகிவிட்டாளோ என்று பயந்தேன். பார்த்தால், இந்த வாரம் தலைவனையே குண்டு வைத்துக் கொன்று, அலமாரியிலிருந்து மறுபடி எழுப்பி, செத்தவனும் வந்தவனும் ஒரே படத்தில் தெரியும்படி காட்டுகிறார்கள். என் தம்பி முகம் இரண்டு. ஒன்று தரையில் கிடக்கிறது, இன்னொன்று அதைத் தாண்டிப் போய்த் தலைவாரிக்கொள்கிறது. நரகல். நான் எழுந்து அணைக்கப்போனேன்.

"விடு" என்றாள் அம்மா.

"இதையாம்மா பாக்குறீங்க? இது அவன் இல்லன்னு நீங்கதான சொன்னீங்க?"

"அவன் இல்ல. எனக்குத் தெரியாதா? அந்த உடம்பப் பாரு. நடக்குது, குனியுது, ஏறுது. அந்த உடம்பு யாருதோ ஒருத்தனுது. யாரோ பெத்த புள்ள, அடுத்தவன் மூஞ்சிய மாட்டிக்கிட்டு வெயில்ல நிக்கிறான். அவனப் பெத்தவ எங்கயோ ஒரு ஊர்ல, எம்புள்ள பொட்டியில வர்றான்னு ஊரக் கூட்டி வச்சுக்கிட்டு உக்காந்திருப்பா. எங்க தேடினாலும் அவ கண்ணுக்கு எம்புள்ளதான் தெரிவான்."

பெட்டியை அணைக்காமல் வந்து உட்கார்ந்தேன். அவள் கடைசிவரை பார்த்தாள், முகத்தை அல்ல, தோளையும் காலையும். முடிந்ததும் சொன்னாள், "வலது காலக் கொஞ்சம் இழுத்து வைக்கிறான். சின்னதுல விழுந்திருப்பான்."

அந்தத் தொடரைப்பற்றி நான் சொன்ன ஒரு சொல்லையும் திரும்ப எடுத்துக்கொள்ளமாட்டேன். ஆனால் அந்தச் சட்டைக்குள் நுழைகிறவன் பெயர் என்ன, எந்த ஊர்க்காரன், தாய் இருக்கிறாளா, வலது காலில் என்ன என்பதை அவனையே கேட்டு எழுது. எனக்கு வேண்டியதில்லை. அம்மா கேட்கிறாள்.

உன் அண்ணன்,
ஒராஸ்கெல்தி